என்றோ ஒரு நாளுக்காக

ஒரு பொருளை அதன் அன்றாடக் கடமைக்கென்றே வைத்துக்கொள்வதா, அல்லது என்றோ ஒரு நாள் வரப்போகிற அரிய சந்தர்ப்பத்துக்காக மாற்றி அமைத்துக்கொள்வதா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் சிக்கனம் பற்றிய கேள்வியாகத் தோன்றும். கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்த்தால், ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எந்த நாட்களைத் தன்னுடைய நாட்களாகக் கருதுகிறான் என்பதில் போய் அது முடியும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டிகளை வைத்திருக்கும் இளைஞர்கள் சிலரோடு அண்மையில் பழக நேர்ந்தது. அவர்கள் பேசப் பேச, இந்தப் பழைய கேள்வி புதிய வேடத்தில் வந்து நிற்பதாகவே எனக்குப் பட்டது.

அவர்களில் ஒருவன் எங்கள் தெருவிலேயே இருக்கிறான். என்னை 'மாமா' என்று அழைப்பவன். 2020 இல் புது வடிவத்தில் வெளிவந்த மஹிந்திரா தார் வண்டி ஒன்று அவனிடம் இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை அந்த வண்டி அவனை அலுவலகத்துக்குச் சுமக்கிறது. குழந்தையைப் பள்ளிக்கும், மனைவியைக் கடைக்கும் அழைத்துப் போகிறது. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மலையடிவாரத்துக் கரடுமுரடான தடங்களில் ஏறி இறங்குகிறது. அந்த ஒன்றிரண்டு ஞாயிறுகளுக்காக அவன் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறான். பெரிய டயர் மாட்டியிருக்கிறான். கூரைமேல் இரும்புச் சட்டம், முன்னால் கனத்த பம்பர், இன்னும் என்னென்னவோ.

"ஆறு நாளும் வண்டிதான் என்னை ஓட்டுகிறது, மாமா. அந்த ஒரு நாள்தான் நான் வண்டியை ஓட்டுகிறேன்" என்றான் ஒரு தடவை. அழகாகத்தான் சொன்னான். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஏக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் விடவும் முடியவில்லை.

முதலில் வண்டியின் கணக்கைப் பார்ப்போம். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தினால் உடல் உயரும். ஆனால் பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலத் தொங்குகிறதே பல்சக்கரக் கூடு, அது உயர்வதில்லை. பாறையில் முதலில் இடிக்கப்போவது அதுதான். அதை உயர்த்த வேண்டுமென்றால் டயர் பெரிதாக வேண்டும். டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஓர் அங்குலம் உயரும். ஆக, பார்ப்பவர் கண்ணுக்கு நிறைய உயர்ந்துவிட்ட வண்டி, கல்லின் கணக்கில் கொஞ்சம்தான் உயர்ந்திருக்கிறது.

அந்தக் கொஞ்சத்துக்கும் விலை உண்டு. டயரின் சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் காட்டும் முள் 60 என்று சொல்லும்போது வண்டி 66 இல் போய்க்கொண்டிருக்கும். ஆறு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. சக்கரம் கனத்துவிட்டதால் இஞ்சின் கூடுதலாக உழைக்கிறது. பெட்ரோலோ டீசலோ கூடுதலாகச் செலவாகிறது. சேற்றைக் கவ்விப் பிடிக்கவென்று ஆழமாக வெட்டிய டயர், மழையில் நனைந்த தார்ச் சாலையில் சாதாரண டயரைப்போல் பிடித்து நிற்பதில்லை. உடல் உயர்ந்து, கூரைமேலும் பாரம் ஏறிவிட்டால், அவசரத்தில் திருப்பும்போது வண்டி சாயப் பார்க்கிறது. காட்டுத் தடத்துக்கென்று செய்துகொண்ட ஒவ்வொரு வசதிக்கும் வாடகையை நகரத்துச் சாலைதான் கட்டுகிறது.

வாடகையை வண்டிக்காரனே கட்டினால் அது அவன் சொந்த விஷயம். நாம் தலையிட வேண்டியதில்லை. அவன் பணம், அவன் எரிபொருள், அவன் முதுகுவலி. ஆனால் இந்த வாடகையில் ஒரு பகுதி மற்றவர்கள் பேரில் எழுதப்படுகிறது. இங்கேதான் விஷயம் நியாயத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. சாலையைக் கடக்கும் கிழவர் மீது வண்டி மோத நேர்ந்தால், நசுங்கிக் கொடுக்க வேண்டிய முன்பக்கத்தில் நசுங்காத இரும்பு நிற்கிறது. அதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய அரசு, இப்படிப்பட்ட இரும்புக் காப்புகளின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிற்று. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு சொல்லுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. எந்த மாற்றம் அதில் அடங்கும், எது அடங்காது என்று வக்கீல்கள் வாதாடட்டும். எனக்கு இதில் தோன்றுவது எளிய எண்ணம்: என் ஆசை என்னுடையதாகவும் அதன் ஆபத்து இன்னொருவருடையதாகவும் இருக்கும்போது, அந்த இன்னொருவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

வீட்டுக்குள்ளேயும் அப்படி ஒருவர் இருக்கிறார். வண்டி உயர்ந்த பிறகு அந்த இளைஞனின் தாயார் அதில் ஏறுவதற்கு ஒரு முக்காலி வைக்க வேண்டியிருந்தது. முழங்கால் வலிக்காரர். சில மாதம் முக்காலியில் ஏறிப் பார்த்தார். பிறகு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகத் தொடங்கிவிட்டார். ஒரு நாள் வாசலில் ஆட்டோவுக்காக நின்றவரிடம், "வீட்டிலேயே வண்டி இருக்கிறதே, அம்மா?" என்று கேட்டேன். "பிள்ளை ஆசைப்பட்டுச் செய்திருக்கிறான். நான் மாதத்துக்கு ஒரு தடவை போகிறவள். எனக்கு ஆட்டோ போதும்" என்றார். அவர் பேச்சில் குறையே இல்லை. குறையில்லாமல் சொன்னதுதான் என்னை உறுத்தியது. மகனின் மலைப்பயணமும் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். தாயின் மருத்துவமனைப் பயணமும் மாதத்துக்கு ஒரு தடவைதான். இரண்டும் அபூர்வம்தான் என்றால், எந்த அபூர்வத்துக்காக வண்டியை மாற்றுவது என்று தீர்மானித்தது யார்? அப்படி ஒரு தீர்மானம் செய்ததாக அவனுக்கு நினைவே இருக்காது.

இவ்வளவு சொன்னதால் நான் அந்த இளைஞர்களுக்கு எதிர்க்கட்சி என்று வாசகர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதுவும் சிறிய நியாயமன்று. சராசரி நாளின் அளவுக்கே தன்னை வெட்டிச் சுருக்கிக்கொண்டவன், நாளடைவில் வேறு நாளுக்குத் தகுதியில்லாதவனாகவே ஆகிவிடுகிறான். பயன்படுவது ஒரு நாள்தான் என்பதற்காக நீச்சல் கற்காமல் இருக்கிறோமா? அலுவலகத்தில் விசையைத் தட்டி மின்விசிறியைச் சுழலவைப்பதோடு பொருள்களின் உறவு முடிந்துபோன இந்தக் காலத்தில், ஒருவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, எந்தத் தண்டு எதைத் திருப்புகிறது என்று கற்றுக்கொள்கிறான். அந்த அறிவு மதிக்கத்தக்கது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழலும்போது, டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு இயக்கத்தையெல்லாம் அந்த வழுக்குகிற சக்கரத்துக்கே கொடுத்துவிட்டு, தரையில் உறுதியாக நிற்கும் சக்கரத்தைச் சும்மா நிற்கவைத்துவிடுகிறது என்று அவன்தான் எனக்கு விளக்கினான். நம் குடும்பங்களில் நடப்பதைப் போலவே இருக்கிறதே என்று நான் சொன்னபோது இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

தவிரவும், ஜீப்பின் வரலாறே ஒரு வேலைக்காகப் பிறந்து இன்னொரு வேலைக்குப் போன வரலாறுதான். இரண்டாம் உலகப் போருக்காக வில்லீஸ், ஃபோர்டு கம்பெனிகள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்த 1945 இலேயே அதைக் கொஞ்சம் திருத்தி, உழவுக்கும் பண்ணை வேலைக்கும் ஏற்றதென்று குடியானவர்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பார்த்து 1948 இல் இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் பிறந்தது. போர்க்களத்துப் பொருள் அன்றாட வாழ்வுக்கு இறங்கிவந்து உழைத்தது. இப்போது அன்றாட வாழ்வின் பொருளைக் களத்துக்கு ஏற்றுகிறோம். திசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மாற்றுவதே குற்றமென்றால் ஜீப்பே இந்த நாட்டுக்கு வந்திருக்காது.

கரடுமுரடான பாதையே அன்றாடமாக அமைந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள், இருட்டும்போது திரும்புகிறார்கள். அந்த மலைப்பாதை அவர்களுக்கு வீரவிளையாட்டு அல்ல, கூலி. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையும் அப்படித்தான். பாதை என்று அதைச் சொல்வதே உபசாரம், கற்களின் குவியல். அதில் நாள்தோறும் ஏறி இறங்கும் பழைய ஜீப்புகளை நின்று பார்த்திருக்கிறேன். அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது. ஓட்டுகிறவர் ஒருவரிடம், டயர்கூடச் சாதாரணமாகத்தானே இருக்கிறது என்று வியந்தேன்.

"டயர் எங்கே சார் ஏறுது? கால்தான் ஏறுது. கிளட்ச்சை எந்த இடத்துல விடணும்னு காலுக்குத் தெரியணும். நேத்து எந்தக் கல்லு எங்கே கிடந்துச்சுன்னு கண்ணுக்கு ஞாபகம் இருக்கணும்" என்றார்.

அவருக்கு வண்டியில் மாற்ற வேண்டியது அதிகம் இல்லை. அவர் உடம்பே அந்தப் பாதைக்கு ஏற்ப மாறியிருக்கிறது. நகரத்து இளைஞனுக்கு அத்தனை நாள் பழக்கம் கிடைப்பதில்லை. பழக்கத்தால் வர வேண்டியதைப் பணத்தால் வாங்கப் பார்க்கிறான். அவன் பொருத்துகிற பொருள்களில் பாதி, தான் இன்னும் போகாத பாதையைப் பற்றிய பயத்துக்கும் மறுபாதி அந்தப் பாதைக்குப் போய்வந்தவனைப்போல் தெரியவேண்டும் என்ற ஆசைக்கும் சேர்கின்றன. இது வண்டியில் மட்டுமா நடக்கிறது? படிக்காத புத்தகங்களை அலமாரி நிறைய வாங்கி அடுக்குகிற நம்மையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தரப்பும் உண்டு. அதற்குப் பேசத் தெரியாது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற ஊர். 1967 முதல் ஈஸ்டரை ஒட்டி ஜீப்காரர்கள் கூடிப் பாறைத் தடங்களில் வண்டியோட்டுவது அங்கே வழக்கம். அந்தப் பாலை மண்ணின் மேல், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசி வகைகளும் மணலைப் பின்னிப் பிடித்து ஒரு மெல்லிய உயிர்த்தோலை வளர்த்து வைத்திருக்கின்றன. காற்றில் மண் பறந்துபோகாமல் காப்பது அந்தத் தோல்தான். தடத்தை விட்டு விலகி ஒரு சக்கரம் ஒரே ஒரு முறை அதன்மேல் ஏறினால் அது நொறுங்கிவிடும். திரும்ப வளரப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். இத்தகைய வண்டிகள் அரசு நிலங்களில் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று வரையறுக்க வேண்டுமென 1972 இல் அதிபர் நிக்ஸன் ஆணை பிறப்பிக்க வேண்டிவந்தது. மனிதன் கால் படாத இடத்தைக் காண வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போகிறவன், அங்கே போய்ச் சேர்ந்ததாலேயே அதைக் கால் பட்ட இடமாக்கிவிடுகிறான்.

அப்படியானால் என்னதான் செய்வது? இதற்கு விடை அந்த ஓட்டுநர்களின் வழக்கம் ஒன்றிலேயே இருக்கிறதென்று நினைக்கிறேன். மணலிலும் சேற்றிலும் இறங்குமுன் அனுபவசாலிகள் செய்கிற முதல் வேலை, டயரில் காற்றைக் குறைப்பது. சாலையில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை 18, 20 அளவுக்கு இறக்கிவிடுவார்கள். டயர் தளர்ந்து, தரையோடு அதிகமாகப் படிந்து, பிடித்துக்கொள்ளும். காசு செலவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பொருத்திய பல சாமான்கள் செய்யாததை இது செய்துவிடும். ஆனால் தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்றை நிரப்பிவிட வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே ஓட்டினால் டயர் சூடேறிக் கெட்டுவிடும். நான்கு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுக்கும் நெம்புகோலும் அப்படித்தான். தேவைப்படும்போது போட்டு, கெட்டித்தரை வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

திருப்பிக்கொள்ளக் கூடிய மாற்றம் என்றும், திருப்பிக்கொள்ள முடியாத மாற்றம் என்றும் இரண்டு வகை இருப்பதாக இதிலிருந்து எனக்குப் புலப்படுகிறது. அரிய நாளுக்காக நம்மைத் தளர்த்திக்கொள்ளவோ இறுக்கிக்கொள்ளவோ தயங்க வேண்டியதில்லை. திரும்பி வரும்போது பழைய அளவுக்கு வர முடியுமென்றால் அதில் யாருக்கும் நஷ்டமில்லை. திரும்ப முடியாத மாற்றமென்றால், அதைச் செய்யுமுன் அந்த வண்டியில் ஏற வேண்டியவர்கள், அதன் எதிரே நடந்து வருகிறவர்கள், அது உருளப்போகும் மண் ஆகிய மூன்று பேரையும் ஒரு தடவை நினைத்துப் பார்ப்பது கடமை. அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால், தாராளமாக மாற்றிக்கொள்ளட்டும். அப்போது அது தெரிந்து செய்ததாக இருக்கும். அந்த இளைஞனிடம் இதைச் சொன்னபோது அவன் வாதாடவில்லை. "அம்மாவுக்கு ஏறுவதற்கு வண்டியிலேயே ஒரு படி பொருத்த முடியுமா என்று பார்க்கிறேன், மாமா" என்றான். மலைக்குப் போவதை அவன் விடப்போவதில்லை. விட வேண்டுமென்று நானும் சொல்லவில்லை. மாதத்தில் அந்த ஒரு நாளைத் தன்னுடைய நாள் என்று அவன் சொல்லிக்கொள்ளட்டும்; மற்ற நாட்களில் அவனோடு அந்த வண்டியில் போகிறவர்களுக்கு அவை அவர்களுடைய நாட்கள்.