நாற்றுமேடையில் ஒரு நுளம்பு வலை

2010இல் பெரகல சந்திக்குச் சற்றுக் கீழே, லயமொன்றின் பின்புறம், கோவா நாற்றுமேடையின்மேல் நுளம்பு வலை விரித்திருக்கக் கண்டேன். மருந்தூட்டிய வலை. வெல்லவாயவில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு இலவசமாய்க் கிடைத்ததாம். தாயிடம் மலையேறி வந்துவிட்டது.

"நோயைத் தடுக்கத் தந்ததல்லவா, அக்கா?" என்றேன், சற்றுக் கோபமாகவே.

"இந்தக் குளிருல நுளம்பு எங்க தம்பி? கோழிதான் கிண்டுது."

எனக்குப் பதிலில்லை. கொடுத்தவருக்கு, கொடுத்த பின்னும் பொருள்மேல் அதிகாரம் உண்டா? ஆபிரிக்க ஏரிக்கரைகளில் இத்தகைய வலையால் மீன் பிடிப்பதைக் கண்டித்து எழுதுவோர், அம்மக்களின் பசியைப் பற்றி அதே நீளத்துக்கு எழுதுவதில்லை.

ஆயினும் வலை போர்வையல்ல. போர்வை போர்த்தியவருக்கு மட்டுமே. கீழே, வரட்சியில் ஆற்றுக் குழிகளில் பெருகும் அனோபிலிஸ் நுளம்பு இந்த வலையில் மோதிச் செத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையும் தப்பும். அந்த அயலவரின் பங்கையும் சேர்த்துத்தான் மகள் தாய்க்குக் கொடுத்துவிட்டாள். அமானிதம் என்று நாம் சொல்வது இங்கேதான் சிக்கலாகிறது. பெற்ற தாய்க்குக் கொடுத்தவளை மோசடிக்காரி என்பதா?

1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேரை இழந்த நாடு இது. உள்ளூர்த் தொற்று 2012 ஒக்டோபருடன் நின்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இனி வலை கோவாவுக்கே என்றிருந்தேன். 2018 டிசம்பரில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து மொனராகலை மாவட்டத்தில் ஒருவருக்கு மலேரியா தொற்றியது. வெல்லவாய அதே மாவட்டந்தான்.

மகள் வீட்டில் அப்போது வலை இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.