விரலுக்குத் தெரிந்தால் போதுமா?

1970களின் இறுதியில் பெரிய அலுவலகங்களுக்கு வந்துசேர்ந்த ஐபிஎம் 3278 கணினி முனையங்களின் கீபோர்டுகளில், எழுதும் வேலைக்குத் தேவையே இல்லாத ஒரு பாகம் இருந்தது. அது ஒரு சிறிய சோலனாய்டு. விசையை அழுத்தியதும் அதில் மின்சாரம் பாயும். உள்ளிருக்கும் உலோகத் தண்டு துள்ளி எழுந்து ‘டக்’ என்று மோதும். அந்த மோதலுக்கும் திரையில் எழுத்து விழுவதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தட்டச்சுப் பொறியில் பழகிய கைகள், சத்தம் கேட்டால்தான் எழுத்து பதிந்ததாக நம்பும். அந்த நம்பிக்கைக்காகவே பொறியாளர்கள் சத்தத்தைத் தனியாகத் தயாரித்துக் கொடுத்தார்கள்.

ஒரு செயல் நடந்து முடிந்தது என்ற உறுதி, அதைச் செய்பவருக்கு எந்த வழியாக வர வேண்டும்? காது வழியாக வந்தால் அது அவரோடு நிற்பதில்லை. அறையில் இருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கை வழியாக வந்தால் அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறவர், சத்தமில்லாத டாக்டைல் ஸ்விட்ச் வேண்டும் என்று கேட்கும்போது இந்தப் பழைய கேள்விக்கு ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறார்: உறுதி வேண்டும், அது விரலோடு நின்றால் போதும். அந்தப் பதில் ஆழமானது, சரியானதும்கூட. தத்துவ நூல்களும் செபமாலையும் அதன் பக்கம் நிற்கின்றன.

முதலில் பொருளையே பார்ப்போம். ஒரு ஸ்விட்சைப் பிரித்து மேசையில் பரப்பினால் தேறுவது கொஞ்சம்தான்: மேல்கூடு, கீழ்க்கூடு, நடுவே ஏறி இறங்கும் தண்டு, ஒரு ஸ்பிரிங், மெல்லிய உலோகத் தகடு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வடிவமே இன்றைய பெரும்பாலான ஸ்விட்சுகளுக்கு மூலம். தண்டின் பக்கவாட்டில் இரண்டு சிறு கால்கள் உண்டு. அவை தகட்டைத் தள்ளிப் பிடித்திருக்கும் வரை மின்தொடர்பு இல்லை. தண்டு இறங்கும்போது கால்கள் விலக, தகடு போய்த் தொடுகிறது. அந்தக் கால்கள் வழுவழுப்பான சரிவாக இருந்தால் அது லீனியர்; விரல் எதையும் உணராமல் கீழே போய்விடும். கால்களில் சிறு மேடு வைத்திருந்தால் அது டாக்டைல். விரல் அந்த மேட்டில் ஏறி இறங்குவதை உணரும். இதோடு தனியாக ஒரு துண்டு சடக்கென்று விழுந்து சொடுக்கினால் அது கிளிக்கி. செர்ரியின் பிரவுன் டாக்டைல், புளூ கிளிக்கி. பிரவுனில் மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர். எழுத்து பதிவாவது பாதி வழியிலேயே, 2 மில்லிமீட்டரில்.

அந்தப் பாதிவழிதான் முக்கியம். எழுத்து பதிந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிந்தால் அது மேற்கொண்டு அழுத்த வேண்டியதில்லை. தெரியாத விரல் அடிவரை போய் இடிக்கிறது. கிளிக்கி அல்லாத ஸ்விட்சுகளில் சத்தம் பெரும்பாலும் பிறப்பது இரண்டு இடங்களில்: தண்டு கீழே போய் அடிக்கூட்டில் மோதும்போது ஒன்று, ஸ்பிரிங் அதை மேலே தள்ளி மேல்கூட்டில் மோதவைக்கும்போது இன்னொன்று. சத்தமில்லாத ஸ்விட்சுகளில் இந்த இரண்டு இடங்களிலும் சிலிக்கோன் போன்ற மென்மையான பொருளால் மெத்தை வைத்திருப்பார்கள்.

ஆனால் மெத்தை வைத்ததும் ஒரு சிக்கல் வருகிறது. அடி தட்டும்போது இருக்க வேண்டிய கறார் போய், சேற்றில் கால் வைத்ததுபோல ஆகிவிடுகிறது. மெத்தை கீழே மழுப்புவதை மேடு மேலேயே ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் நல்ல சத்தமில்லாத டாக்டைல்களில் மேடு பெரியதாகவும், விரல் வைத்த உடனே தொடங்குவதாகவும் இருக்கிறது. கஸ்ஸூவின் போபா யு4 அப்படிப்பட்டது. 62, 68 கிராம் ஸ்பிரிங் எடைகளில் கிடைக்கிறது. ஜப்பானில் வேறொரு பாதை. அங்கே டோப்ரே நிறுவனம் உலோகத் தகட்டுக்குப் பதில் ரப்பர் குமிழையும் மின்தேக்க உணர்வையும் வைத்தது. கணினி அறிஞர் எய்ட்டி வாதாவின் யோசனையில் 1996இல் பிறந்த ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு பின்னாளில் அந்த டோப்ரே ஸ்விட்சுகளுக்கு மாறி, 2011இல் டைப்-எஸ் என்ற ஓசை குறைந்த வடிவத்தையும் பெற்றது.

இனி கேள்விக்கு வருவோம். ஒலியும் தொடுகையும் இரண்டு புலன்கள் என்பதோடு அவற்றின் வேறுபாடு முடிந்துவிடுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழில் தந்த தருக்க நூலான தருக்கசங்கிரகத்தைப் படித்தவர்களுக்கு இது தெரியும். அந்த மரபில் ஒலி ஆகாயத்தின் குணம். ஆகாயமோ ஒன்றே ஒன்று, எங்கும் நிறைந்தது. ஊறு, அதாவது தொடுகை, நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் குணம். தோலோடு பொருந்தினால்தான் அறியப்படும். இன்றைய இயற்பியல் ஆகாயத்தைப் பற்றி இப்படிப் பேசுவதில்லை என்றாலும், அந்தப் பாகுபாட்டில் உள்ள கவனிப்பு இன்றும் நிற்கிறது. ஒலியை ஒருவருக்கு மட்டும் கொடுப்பது கடினம். அது எல்லோருக்கும் பொதுவான இடத்தில் நிகழ்கிறது. விசையின் மேட்டை அழுத்திய விரலைத் தவிர வேறொருவர் உணர்வது நடக்காது. அரிஸ்டாட்டிலும் தொடுகையைத் தனியாக வைத்தார். மற்றப் புலன்கள் நன்றாக வாழ உதவுபவை. தொடுகை இல்லாமல் விலங்கு உயிர்வாழவே முடியாது என்பது அவர் கருத்து.

பொது இடத்தில் நிகழும் ஒலிக்குப் பொறுப்பு யாருடையது? ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் 1851இல் வெளியான தன் கட்டுரைத் தொகுப்பில் சத்தத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய கோபம் முழுக்க வண்டிக்காரர்களின் சாட்டைச் சொடுக்கின் மேல். அந்தக் கோபத்துக்குள் கூர்மையான ஒரு வாதமும் இருக்கிறது: ஓயாமல் கேட்டுப் பழகிய குதிரை அந்தச் சொடுக்கைப் பொருட்படுத்துவதே இல்லை. வேலைக்கு உதவாத சத்தம் சிந்தித்துக்கொண்டிருப்பவரின் தலையை மட்டும் அறுக்கிறது என்றார்.

இன்னொரு ஜெர்மன் தத்துவவாதியான காண்ட் விஷயம் இன்னும் நுட்பமானது. 1784இல் கோனிக்ஸ்பெர்க்கில் அவர் குடியேறிய வீட்டுக்கு அருகே சிறை இருந்தது. கைதிகள் உரத்த குரலில் பக்திப் பாடல்கள் பாடினார்கள். காண்ட் நகர மேயராக இருந்த நண்பர் ஹிப்பெலுக்குக் கடிதம் எழுதினார்: அவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு குரலைக் கொஞ்சம் தணித்துப் பாடினால் அவர்களுடைய ஆன்ம ஈடேற்றத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது என்பது அவர் வாதம். பக்தி உண்மையானது என்றால் அதற்கு எவ்வளவு சத்தம் தேவை? கடவுளுக்குக் கேட்க வேண்டியதும் அண்டை வீட்டாருக்குக் கேட்பதும் ஒன்றா?

கிளிக்கி ஸ்விட்சை விரும்புகிறவர்களுக்கும் நியாயம் உண்டு. அதை வெறும் ஆரவாரம் என்று தள்ளிவிடக் கூடாது. பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பொந்தி 1945இல் எழுதிய நூலில் தட்டச்சையே எடுத்துக்காட்டாக வைத்தார்: எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியாதவரும் தடையின்றித் தட்டச்சு செய்வார், அந்த அறிவு கைகளில் இருக்கிறது. அந்தக் கை தனியாகவும் அறிவதில்லை. 1998இல் யூஸ்மாக்கி, ஹாரி என்ற இரு பின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்க்கச் சொல்லி, அந்தச் சத்தத்தையே மாற்றி, உயர் அதிர்வெண்களைக் கூட்டிக் காதுக்குக் கொடுத்தார்கள். தங்கள் தோல் காகிதம்போல வறண்டுவிட்டதாகப் பங்கேற்றவர்கள் உணர்ந்தார்கள். காது சொல்வதைக் கேட்டுக் கை தன் உணர்வையே மாற்றிக்கொள்கிறது. ஆகவே சத்தத்தை எடுத்துவிட்டால் தொடுகையிலும் கொஞ்சம் போய்விடும் என்பது உண்மை. சத்தமில்லாத ஸ்விட்சைத் தேர்ந்தெடுப்பவர் எதையும் இழக்காமல் தேர்ந்தெடுப்பதில்லை.

இழப்பை ஒப்புக்கொண்ட பிறகும் அதைத் தேர்ந்தெடுக்கலாமா? செபத்தைப் பற்றி யோசித்தவர்கள் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை மந்திரம் செபிக்கும் முறையை மூன்றாகப் பிரிக்கிறது. அருகில் இருப்பவர் செவிக்கும் கேட்பது வாசகம். தன் செவிக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் செபிப்பது உபாஞ்சு. மனத்துக்குள்ளேயே செபிப்பது மானசம். சத்தம் குறையக் குறையப் பலன் கூடும் என்பது மரபின் கணிப்பு. மனுஸ்மிருதி இதற்கு எண்ணே கொடுக்கிறது: சடங்கு வேள்வியைவிடச் செபம் 10 மடங்கு, பிறர் காதில் விழாத செபம் 100 மடங்கு, மனத்தளவில் செய்வது 1000 மடங்கு உயர்ந்தது.

இங்கே ஒருவர் மறுக்கலாம். மானசம்தான் மேல் என்றால், எந்த மேடும் இல்லாத சைலண்ட் லீனியர் ஸ்விட்ச்தானே சிறந்தது? தொடுதிரைக் கண்ணாடி அதைவிடச் சிறந்தது அல்லவா? இதற்கு விடை செபமாலையில் இருக்கிறது. மனத்துக்குள் செபிப்பவர் கையையும் மாலை விட்டுப் போவதில்லை. உருத்திராக்க மணி நடுவிரலில் தங்க, பெருவிரல் அதை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறது, சுட்டுவிரல் படுவதில்லை. மணியின் சொரசொரப்பு ஒன்று, அடுத்த மணிக்கு முன் வரும் முடிச்சின் இடைவெளி ஒன்று. 108 மணிகள் முடிந்ததும் நாயகமணி விரலில் தட்டுப்படுகிறது. அதைத் தாண்டக் கூடாது. மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக வேண்டும். கண்ணைத் திறக்காமல், எண்ணாமல், வாய் பேசாமல் ஒரு சுற்று முடிந்ததைக் கை அறிந்துகொள்கிறது. இதைச் செய்யும் கையைத் துணியாலோ கோமுகிப் பையாலோ மூடிவைப்பதும் வழக்கம். மனம் அலையும் என்பது தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு இந்த மாலை. கத்தோலிக்கச் செபமாலையில் பத்து மணிக்கு ஒருமுறை தனித்து வரும் மணியும், 33 அல்லது 99 மணி கொண்ட இஸ்லாமியரின் தஸ்பீஹும் இதே வேலையைத்தான் செய்கின்றன. இத்தனை சமயங்கள் ஒரே கருவியிடம் வந்து சேர்ந்திருக்கின்றன என்பது சாதாரணமாகக் கடந்துபோகக் கூடிய செய்தி அல்ல.

சமயங்கள் எல்லாம் மௌனத்தின் பக்கம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஓதுவார் தேவாரத்தை மனத்துக்குள் பாடினால் கோயிலுக்கு வந்தவர்களுக்கு என்ன கிடைக்கும்? சூஃபிகளிடையே நக்ஷ்பந்தியா தரீக்கா உள்ளத்தில் செய்யும் மௌன திக்ரை, அதாவது இறைநினைவை, போற்றியது. காதிரியா வழியினர் கூடி உரக்க ஓதினார்கள். காதிரியா ராத்திபு தமிழ் முஸ்லிம் ஊர்களுக்குப் பழகிய ஓசை. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு தர்மம் செய்யும்போது எக்காளம் ஊதாதே என்கிறார், கதவைச் சாத்திக்கொண்டு ஜெபி என்கிறார். அதே இயேசுவின் சீடர்கள் கூடியிருந்து பாடினார்கள். பிறருக்காக எழுப்பும் ஒலி பிறரிடம் போய்ச் சேரத்தான் வேண்டும். தேவாரமும் ராத்திபும் அந்த வகை. விசை அழுந்தியது என்ற செய்தி யாருக்கானது? அழுத்தியவருக்கு மட்டும். பக்கத்து இருக்கையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அவருக்கு அது வந்து விழுகிறது, அவ்வளவுதான்.

யார் கேட்ட அமைதி என்பதையும் பார்க்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘நாய்ஸ்லெஸ்’ என்ற தட்டச்சுப் பொறி வந்தது. பிறகு அது ரெமிங்டன் வசம் போனது. எழுத்தச்சு ஓங்கி அடிப்பதற்குப் பதிலாகக் காகிதத்தின் மேல் அழுந்தும்படி அதை அமைத்திருந்தார்கள். மேலதிகாரி தன் வசதிக்காக ஒரு தட்டச்சரின் மேசையில் இப்படிப்பட்ட பொறியைக் கொண்டுவந்து வைப்பது ஒன்று. தட்டச்சர் தன் பக்கத்தில் இருப்பவரை நினைத்துத் தானே தேர்ந்தெடுப்பது வேறொன்று. முன்னது கட்டளை, பின்னது அறம். கிளிக்கி கீபோர்டு வைத்திருப்பவரை அதட்டுவதற்கு இந்தக் கட்டுரையில் ஆதாரம் தேட வேண்டாம். தனி அறையில் தட்டுபவருக்கு அந்தச் சொடுக்கு முழு உரிமை.

பகிர்ந்துகொள்ளும் அறையில், இரவுப் பணியில், குழந்தை தூங்கும் வீட்டில் தட்டுகிறவர் தேர்ந்தெடுப்பதற்குச் சில நடைமுறைகள் உதவும். பெயரில் ‘சைலண்ட்’ என்று இருப்பதாலேயே மேடு இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. செர்ரியின் சைலண்ட் ரெட் லீனியர்தான். மேடு பயணத்தின் மேல்பகுதியில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் மெலிதாக வந்தால் அடியிலுள்ள மெத்தையோடு கலந்து தெரியாமல் போய்விடும். விரல் தன் எடையிலேயே அழுத்திவிடும் அளவுக்கு ஸ்பிரிங் இளகியிருந்தால் மேடு இருந்தும் பயனில்லை. அளவுக்கு மீறி விறைத்திருந்தால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும். ஹாட்-ஸ்வாப் கீபோர்டு என்றால் சாலிடர் இல்லாமலே ஸ்விட்சைப் பிடுங்கி மாற்றலாம் என்பதால், முழுவதற்கும் வாங்குவதற்கு முன் நான்கைந்து விசைகளில் மட்டும் போட்டுச் சில நாள் தட்டிப் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஸ்பேஸ்பார். எல்லா ஸ்விட்சையும் மாற்றிய பிறகும் அது கடகடத்துக்கொண்டே இருக்கும். காரணம் ஸ்விட்ச் அல்ல, நீண்ட விசையைச் சமமாகப் பிடித்திருக்கும் ஸ்டெபிலைசர் கம்பி. அதன் முனைகளில் கிரீஸ் தடவ வேண்டும். தடவியது போதுமா என்பதைத் தட்டுகிறவர் தன் இருக்கையிலிருந்து தீர்மானிக்கக் கூடாது. வேறொருவரைத் தட்டச் சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, கையில் ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படித்துப் பார்க்க வேண்டும்.