தூரத்தின் மேல் போட்ட பழி

சென்னை விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் இடையே ஆகாய மார்க்கமாகச் சுமார் 420 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் விமானம் அதைக் கடந்துவிடுகிறது. மதுரையில் இறங்கி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர் என்று பள்ளத்தாக்குக்குள் நுழைந்து எங்கள் கம்பத்தை அடைய இன்னும் சுமார் 120 கிலோமீட்டர். காரில் போனாலும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கிறது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தூரத்துக்கு இரு மடங்கு நேரம்!

இந்தக் கணக்கை நான் நெடுநாள் ஒரு கேடயமாகவே வைத்திருந்தேன்.

கம்பத்தில் என் சித்தி இருந்தாள். தாயில்லாத என்னை வளர்த்தவள். தொலைபேசியில், "எப்பய்யா வர்றே?" என்று கேட்பாள்.

"பிளேன்ல வந்தாலும் மதுரை வரைக்குந்தான் சித்தி. அப்புறம் பாதி நாள் போயிருது."

"அதுவும் சரித்தான். சோலியை முடிச்சுட்டு வா. நான் எங்கே போயிரப் போறேன்?"

இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று. ஒரு நாள் விடியற்காலையில் அவள் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. அன்று பிற்பகலே நான் அந்த வாசலில் நின்றேன். "பாரு, சித்தின்னதும் ஆகாயத்துல பறந்து வந்துட்டான்!" என்று பக்கத்து வீட்டுக் கிழவி மெச்சினாள். எந்த வசவும் என்னை அப்படிச் சுட்டதில்லை. இரண்டு வருஷமாகக் கிடைக்காத அரை நாள் அன்று மட்டும் எங்கிருந்து வந்தது?

முன்காலத்தில் தூரம் உண்மையாகவே மனிதனைத் தடுத்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை வந்ததே 1928-இல்தான். ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவன் தாய் இறந்த செய்தியைக் கடிதத்தில் படித்து அழுதான். ஊர் அவனைக் குற்றம் சொல்லவில்லை; பழியைக் கடல் சுமந்தது. இன்றோ, அகலப் பாதைக்காக 2010 இறுதியில் நின்றுபோன ரயில், 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் திரும்பிவிட்டது. வாரத்தில் சில நாள் சென்னையிலிருந்தே போடிக்கு நேர் வண்டி ஓடுகிறது. தூரம் சுருங்கச் சுருங்க, அதன் தலையில் நாம் ஏற்றிவைத்த பழி நம்மிடமே திரும்பி வருகிறது. வேகம் யாருக்கும் அன்பைக் கொடுப்பதில்லை. சாக்குப்போக்கை மட்டும் பறித்துக்கொள்கிறது.

'பிழைப்பைப் பார்க்க வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கையில் காசில்லாதவனையும், விடுப்புக் கிடைக்காதவனையும் நான் சொல்லவில்லை. இரண்டும் இருந்தும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களைத்தான் சொல்லுகிறேன்.

மறுநாள் விடியுமுன் தெருவில் ஜீப்புகளின் சத்தம் கேட்டது. ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் தூக்குச் சட்டியும் கையுமாக நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்து எல்லையைத் தாண்டி, பகலெல்லாம் உழைத்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர்கள் அவர்கள். அழுத குழந்தையிடம் ஒருத்தி, "பொழுது சாய வந்துருவேன்டா கண்ணு" என்றாள். ஒரு மலையும் ஒரு மாநில எல்லையும் குறுக்கே கிடந்தும், அன்று மாலை அவள் வந்துவிட்டாள். நானே பார்த்தேன்.

சித்தி என்னிடம், "எவ்வளவு தூரம்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "எப்ப வர்றே?" என்றுதான் கேட்டாள்.