கற்றது கைவிட்டுப் போகலாமா?

பணி மாற்றம் பெற்ற தந்தையோடு ஒரு குடும்பம் சென்னையிலிருந்து தில்லிக்கு வருகிறது. வீட்டுச் சாமான்கள் லாரியில் வந்து சேர்கின்றன. கல்லூரியில் ஓராண்டை முடித்த மகளின் படிப்பு மட்டும் வாயிலில் நிறுத்தப்படுகிறது. அங்கே படித்த பாடம் இங்கே செல்லுமா? வெளிமாநிலம் வந்த நம்மில் பலர் அறிந்த கேள்வி இது.

இதனை எளிதாக்கவே பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் கல்விசார் கிரெடிட் வங்கிக்கு விதிகள் வகுத்தது. ஈட்டிய கிரெடிட்டுகள் மாணவர் பெயரில் கணக்கில் சேரும். பொதுவாக ஏழாண்டுகள் வரை செல்லும். நல்ல ஏற்பாடே. ஆயினும் ரூபாய் எங்கும் ரூபாய்தான். நான்கு கிரெடிட் கணிதம் எங்கும் ஒன்றன்று. அங்கே வகைநுண்கணிதத்தோடு பாடம் நின்றிருக்கலாம். இங்கே அடுத்த வகுப்பு தொகைநுண்கணிதத்திலிருந்து தொடங்கலாம்.

மதிப்பிடும் ஆசிரியரின் அறம் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. பெயர் வேறென்று பாடத்தைத் தள்ளினால் ஒரு பெண்ணின் ஓராண்டு உழைப்பு வீணாகும். இரக்கப்பட்டு அனைத்தையும் ஏற்றால், அடுத்த வகுப்பில் அவள் திகைத்து நிற்பாள், அதுவும் கைவிடுதலே. பாடத்திட்டங்களை வரிவரியாக ஒப்பிட்டு, குறைவதை மட்டும் கற்கச் சொல்வதே நீதி. செல்லாததைச் சேருமுன்னரே சொல்லிவிடுவது நேர்மை.

நமக்கும் கடமை உண்டு. ஊர் மாறும்போது மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்ட நகலையும் கொண்டு வருவோம்; பணம் கட்டுமுன் கேட்போம்; ஏற்றதை எழுத்தில் பெறுவோம். கல்வி கள்வரால் கொள்ளப்படாத செல்வம் என்பர். அது கவனக்குறைவாலும் கொள்ளப்படாதிருக்கட்டும்.