விடுவதற்கென்றே பிடிப்பதா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 2,50,000 ஏரிகள் உண்டு. வடபகுதிக் காட்டு ஏரிகள் பலவற்றுக்குச் சாலையே கிடையாது. மிதவை விமானத்தில் போய் இறங்கி, மரக்குடிலில் ஒரு வாரம் தங்கி, வால்ஐ, பைக் என்னும் மீன்களைத் தூண்டிலிட்டு மகிழ்வோர் பலர்.

உண்பதற்காகப் பிடிப்பதில் குற்றமில்லை; மீன் நமக்கு ஆகுமாக்கப்பட்ட உணவு. ஆனால், பிடித்தவற்றில் பெரும்பாலானவற்றை அவர்கள் மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். "கொல்லவில்லையே, இது கருணையல்லவா?" என்கிறார்கள்.

உணவுக்குப் பிடித்தவன் குஞ்சையும் சினைமீனையும் விட்டுவிடுவது நல்லதே. மீனினம் பெருக அது உதவும். விடுவதற்கென்றே பிடிப்பது அப்படியா? செயல் ஒன்றுபோலத் தோன்றினாலும் நிய்யத்து வேறன்றோ! ஆழத்திலிருந்து இழுக்கப்படும் வால்ஐயின் காற்றுப்பை உப்பிவிடும். விட்ட பின்னும் அது மாண்டுபோவதுண்டு. விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதை சுவிட்சர்லாந்து 2008-ல் சட்டமியற்றித் தடுத்தது.

உயிருள்ளதைக் கட்டிவைத்து அம்பெய்யும் இலக்காக்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அம்புக்குச் சொன்னது தூண்டில் முள்ளுக்குப் பொருந்தாதா? வாயில்லாப் பிராணியின் வேதனை நமது பொழுதுபோக்காகலாமா?

ஓய்வும் உல்லாசப் பயணமும் கூடாதென்று நாம் சொல்லவில்லை. பசிக்குப் பிடிப்போம், போதுமானது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டி வைப்போம். அதன் பிறகும் ஏரி இருக்கிறது, காடு இருக்கிறது, படைத்தவனின் ஆற்றலைக் கண்டு மகிழ நமக்குக் கண்களும் இருக்கின்றன.