பொன்முலாமும் பாதரசப் புகையும்

அழகிய பொருளொன்றைச் செய்தவர் அதனாற் பட்ட துன்பம் அப்பொருளின் அழகைக் குறைக்குமா? கலையை நுகர்பவன் அது பிறந்த வரலாற்றையும் சுமக்கக் கடமைப்பட்டவனா? இவ்வினாவைப் பொதுமையில் நிறுத்தி வாதிடுவதிலும் ஒரு பொருளின்மேல் வைத்து ஆராய்வது பயனுடைத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிஸ் நகரத்துப் பட்டறைகளில் உருவான வெண்கல மணிக்கூடுகள் அதற்கு மிகப் பொருத்தமானவை.

செல்வர் மாளிகைகளிற் கணப்படுப்பின் மேற்தட்டில் வைப்பதற்கென்றே இவை செய்யப்பட்டன. கீழே சலவைக்கற் பீடம். அதன்மேற் கிரேக்கத் தெய்வமோ சிறகுடைய குழந்தையோ தாங்கிநிற்கும் முகப்பு. உருவம் முழுவதும் மங்காத பொன்னிறம். அப்பொன்னிறம் வந்த வழியே ஈண்டுக் கருதற்பாலது. பொன்னைப் பாதரசத்திற் குழைத்து, வெண்கலத்தின்மேற் பூசி, நெருப்பிற் காட்டுவர். பாதரசம் ஆவியாய்ப் போய்விடும். பொன் மட்டும் உலோகத்தோடு ஒன்றி நிற்கும். போன ஆவி முலாமிடுவோனின் நெஞ்சுட் புகுந்தது. அவன் கை நடுங்கிற்று, பல் உதிர்ந்தது, பேச்சுக் குழறிற்று. மணிக்கூட்டின் முகத்திலே கடிகாரம் செய்தோன் பெயர் பொறிக்கப்படுவதுண்டு. முலாமிட்டவன் பெயரை அங்குத் தேடுதல் பெரும்பாலும் வீண்முயற்சியே.

அக்காலத்து வெண்கலக் கலைஞருட் புகழ்பெற்ற ரவ்ரியோ என்பவர் 1814இல் இறந்தார். முலாமிடுவோரைப் பாதரசத்தினின்றும் காக்கும் வழியைக் கண்டுபிடிப்பவர்க்கு 3000 பிராங்கு பரிசளிக்குமாறு அவர் தம் உயிலில் எழுதிவைத்திருந்தார். நச்சுப் புகையைக் காற்றோட்டத்தால் இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியேற்றும் உலையொன்றை வகுத்த தார்சே என்னும் இரசாயன அறிஞர் 1818இல் அப்பரிசைப் பெற்றார். வாழ்நாளெல்லாம் அத்தொழிலாற் பொருளீட்டியவர் இறக்கும்போதன்றோ கொடுத்தார் எனக் கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்றை மறுத்தற்கியலாது: அழகின் கணக்கிலே புகையையும் ஒரு செலவாக எழுதியவர் அவர்.

துன்பத்தை அறிந்தால் நுகர்ச்சி கெட்டுவிடும் என்று அஞ்சுவோர்க்குக் கண்டி நகரிலேயே விடை உண்டு. நகர் நடுவில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1950 டிசம்பரிலே திறக்கப்பட்டது. விபத்தில் மாண்ட தம் மகனின் நினைவாகத் தந்தையொருவர் எழுப்பியது அது. அச்செய்தியை அறிந்து மணி பார்ப்பவனுக்குக் கோபுரம் அழகிற் குன்றித் தோன்றுவதில்லை. அங்கே ஓர் இறப்புக்குப் பெயர் இருக்கின்றது, அவ்வளவே.

பெயரற்ற இறப்புகளும் கண்டிக்குத் தொலைவில் இல்லை. நகரைவிட்டு ஹந்தானை மலையேறினால், 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பழைய இயந்திரங்கள் துலக்கி வைக்கப்பட்டுள்ளன. 1867இல் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவும் அங்குப் போற்றப்படுகின்றது. இம்மலைச்சரிவுகளின் பசுமையை அழகென்று ஒப்பாதவன் கண்ணிலாதவனே. ஆனால் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் தமிழகத்தினின்று கடல்கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து, வாந்திபேதியால் வழியில் வீழ்ந்தோரின் பெயர்களை எந்த முகப்பிற் படிப்பது? பாதரசம்போல் அவர்கள் போய்விட, பொன் நிற்கின்றது.

இவ்வாறு நோக்கின் உலகில் எதனையும் நுகர இயலாது என்பர் சிலர். அது மிகைக்கூற்று. மணிக்கூட்டை உடைப்பதனால் நடுங்கிய கை ஒன்றேனும் நிலைபெறப் போவதில்லை; முலாமிட்டோர் மாண்டு இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. அவர்கள்பொருட்டு இனி அறிதல் ஒன்றே கூடும். தேயிலையின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் மக்களும் பேரமக்களும் இன்றும் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில், லயக் காம்பிராக்களினின்றும் விடியலிற் புறப்பட்டுக் கொழுந்து கொய்கின்றனர். ரவ்ரியோவின் 3000 பிராங்கு, இவர்களைப் பொறுத்தவரை, இன்னும் கொடுக்கக்கூடிய நிலையிலேயே இருக்கின்றது.