கையொப்பம் யாருடையது?

முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் நம் இல்லங்களில் முதலில் நடப்பது, அதை அவரிடமிருந்து மறைப்பதே. பரிசோதனைத் தாள்களை மகன் வாங்கி வைத்துக்கொள்வார். தந்தையிடம் நீர்க்கடுப்பு என்று சொல்லப்படும். நாஞ்சில் நாட்டிலிருந்து நெய்யூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் சிகிச்சைக்குச் செல்லும் குடும்பங்களில் இதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆயினும், புதிய மருந்துச் சேர்க்கையை ஆராயும் சோதனையில் அவரைச் சேர்க்கலாமா என்று மருத்துவர் வினவும்போது, இந்த மறைப்பு அறமாகுமா?

ஆண்மை இயக்குநீரைத் தடுத்தால் புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய் அடங்கும் என்பதைச் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். ஆனால் எலும்புவரை பரவிய நோய் நாளடைவில் அத்தடையையும் மீறிவிடும். ஆதலின் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து ஆராயத் தொடங்கினர். 790 ஆடவர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2015-இல் வெளிவந்தது. இயக்குநீர்த் தடையுடன் டோசிடாக்செல் மருந்தும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 57.6 மாதம்; தடை மட்டும் பெற்றோருக்கு 44 மாதம். மூன்றாவதாக டாரோலுடமைடைச் சேர்த்தபோது இறப்பின் இடர் மேலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 2022-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

இத்தகைய ஆய்வுகளில் யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவாகும். உயிரைச் சீட்டுக் குலுக்கியா பார்ப்பது என்று நம்மவர் வெகுள்வர். எது நல்லது என்று மருத்துவர் உறுதியாக அறிந்திருந்தால் குலுக்கல் பாவமே. அவர் அறியார், கூடுதல் மருந்து வெள்ளணுக்களைக் குறைத்துத் தொற்றையும் வருவிக்கலாம். அறியாமையை ஒப்புக்கொள்வது சியாத்வாதம் பயின்ற நமக்குப் புதிதன்று. ஆனால் மருத்துவருக்குத் தெரியாது என்பது நோயாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1999-2000-இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளர்க்குச் சோதனை மருந்து செலுத்தப்பட்டது. அதில் பங்கேற்ற தம் அறிவியலாளர் உரிய முன் அனுமதி பெறவில்லை என்றும், நோயாளர்க்குத் தந்த விளக்கம் போதாது என்றும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே 2001-இல் அறிவித்தது. இன்று 2019-ஆம் ஆண்டின் விதிகள் தெளிவாக உள்ளன. நோயாளியே ஒப்பமிட வேண்டும். படிக்கத் தெரியாதவராயின் நடுநிலைச் சாட்சி வேண்டும். தாமே முடிவு செய்ய இயலாதவருக்கு மட்டுமே பிறர் ஒப்பமிடலாம். விளங்காமலே தலையசைக்கும் மாணவரை ஆசிரியர் அறிவர்; படிவத்தை நீட்டும் மருத்துவருக்கும் அக்கண் வேண்டும்.

உண்மை புண்படுத்துமாயின் அதைச் சொல்வது இம்சையன்றோ என்பர். சல்லேகனை ஏற்பவர் தம் உடல்நிலையை அறிந்தே ஏற்க வேண்டும் என்று வகுத்த மரபு நம்முடையது. இறுதியையே அறிந்து ஏற்கும் வலிமை ஒருவருக்கு உண்டு என நம்பும் நாம், நோயின் பெயரைக் கேட்கும் வலிமை தந்தைக்கு இல்லை என எங்ஙனம் துணிவது?

சில முதியோர், "எனக்கு எதுவும் சொல்ல வேண்டா, நீங்களே பாருங்கள்" என்பர். அதுவும் அவர் உரிமையே. அவருக்கு ஏற்கெனவே நிறுவப்பெற்ற சிகிச்சையை அளிக்கலாம். சோதனையில் சேர்த்தல் கூடாது.